ஈரமில்லாத மழை

சிறு வயதில் ஒரே ஒருமுறை கேட்ட சத்தம் அது. மழை பெய்கிற சத்தம். ஆனால் மண் நனையவில்லை.

தலை நரைத்தபின், ரிக்ஜின் அதை மறுபடி கேட்டார்.

இமயத்தின் மேற்காட்டில், பூர்ஜ மரங்களுக்கு நடுவே, துறவி பல்மோவின் குடில். ரிக்ஜின் அவளுடைய சீடர், அவளைவிட மூத்தவர். கம்பளியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"தாயே, கிளம்புங்கள். கணவாயைத் தாண்டிவிடலாம்."

"கணவாயில் இன்னும் பனி கிடக்கிறது, பெரியவரே."

"கிடக்கட்டும். உங்கள் காதில் விழவில்லையா? இது பேய் பெய்விக்கும் மழை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் இதே சத்தம். அப்பாதான் ஊர்த்தலைவர். முரசு அடித்து, ஊரையே கூட்டிக்கொண்டு கணவாய் ஏறினார்."

"அப்புறம்?"

"கணவாயிலேயே பாதிப் பேர் செத்தார்கள். என் அம்மா. அவள் முதுகில் கட்டியிருந்த தங்கை. இந்தச் சத்தம் யாரையும் விடாது."

பல்மோ எழுந்து மரத்தடிக்குப் போனாள்.

"வாருங்கள்."

"மாட்டேன்."

"நான்தான் சதைப்பிடிப்பானவள். பேய் தின்றால் முதலில் என்னைத்தான் தின்னும். வாருங்கள்."

வந்தார்.

"கையை நீட்டுங்கள்."

உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. கடுகைவிடச் சிறிய கறுப்புத் துகள். பின்னால் இன்னொன்று.

பல்மோ ஒரு கிளையை வளைத்தாள். இலை சுருண்டிருந்தது, விளிம்பில் பட்டிழையால் தைத்ததுபோல. பிரித்தாள். உள்ளே ஒரு பச்சைப் புழு இலையைத் தின்றுகொண்டிருந்தது.

ரிக்ஜின் நிமிர்ந்து பார்த்தார். மரம் முழுக்கச் சுருண்ட இலைகள். காடு முழுக்க.

"அந்துப்பூச்சியின் புழு. சீக்கிரம் சிறகு முளைத்துப் போய்விடும். உங்கள் கையில் இருப்பது அதன் எச்சம். அது இலைகளில் உதிரும் சத்தம்தான் இது."

அவர் உள்ளங்கையை மூடவில்லை.

"அப்படியானால் அவர்களெல்லாம் எதனால் செத்தார்கள்?"

பல்மோ கணவாய் இருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

கையில் துகள்கள் சேர்ந்துகொண்டே இருந்தன.

"உங்கள் ஊரில் நோர்பு என்று ஒரு நெசவாளி இருந்தாரே" என்றாள். "கால் விளங்காதவர்."

"இருந்தார். தூக்கிவர ஆளில்லை. விட்டுவிட்டு ஓடினோம். பேய் தின்றிருக்கும் என்று அப்பா சொன்னார்."

"அந்தக் கோடையிலேயே மரங்கள் மறுபடி துளிர்த்தன. அவர் கம்பளம் நெய்தார். பிறகு பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அப்பா" என்றாள் பல்மோ. "போன குளிர்காலத்தில், தூக்கத்தில் இறந்தார்."