ஓலைச்சாலை ஏரிக்கரைக்குப் போன கதை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, குவளைநாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன். ஆனால் ஆணை போடுவதில் அவனுக்குத் தீராத ஆசை. பல் துலக்கும்போது ஒன்று, குளிக்கும்போது ஒன்று, சாப்பிட உட்காரும் முன் இரண்டு. சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

அந்த ஆணைகளை எல்லாம் ஓலையில் எழுதி அனுப்புகிற இடத்துக்கு ஓலைச்சாலை என்று பேர். அதில் பதினோரு அறைகள். எழுத ஓர் அறை, சரிபார்க்க ஓர் அறை, சரிபார்த்ததைச் சரிபார்க்க இன்னோர் அறை. அத்தனைக்கும் தலைவர் வயிராவணர். மந்திரி நாகணனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள், புத்தூர் ஏரியின் மதகைக் காவல் காக்கிற செங்காத்தாள் சபைக்கு வந்தாள்.

"ராசா, எங்க ஏரி மதகு விரிசல் விட்டுப்போச்சு. கதவுப் பலகையும் உளுத்துப்போச்சு. ஐப்பசி மழை வந்தா தாங்காது. கீழே முந்நூறு குடும்பம் இருக்கு."

"அதற்கு ஆனி மாதமே ஆணை போட்டேனே?" என்றான் ராஜா.

"ஆணை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அரசே. இப்போது ஏழாம் அறையில் இருக்கிறது" என்றார் வயிராவணர்.

செங்காத்தாள் அவரைப் பார்த்தாள். "தவழ்ந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் எங்க ஊருக்கு வந்திருக்கணுமே, ஐயா?"

சபையே சிரித்தது. முகம் சிவந்த வயிராவணர், "மேற்பார்வை மந்திரியாருடையது. தாமதத்துக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும்" என்று பழியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "நாகணா, மழைக்கு முன் மதகு சரியாகவேண்டும். ஆகாவிட்டால் உன் முத்திரை மோதிரம் வயிராவணருக்குப் போகும்."

"ஆகட்டும் அரசே. எனக்கு இரண்டே இரண்டு ஆணை வேண்டும். ஒன்று இப்போது, மற்றது நாளைக்கு."

"இப்போது என்ன?"

"ஓலைச்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்குப் பத்து அதிரசம்."

ராஜா புரியாமலே ஆணை போட்டான். உச்சிப்பொழுது மணி அடிப்பதற்குள் பதினோரு அறையிலும் அதிரசம் வந்து, தீர்ந்தும் போயிருந்தது.

மறுநாள் சபையில் ராஜா கேட்டான்: "வயிராவணரே, மதகு ஓலை மூன்று மாதமாகியும் ஏழாம் அறையைத் தாண்டவில்லை. அதிரச ஓலைக்கு மட்டும் இறக்கை முளைத்ததா?"

வயிராவணர் கைகூப்பினார். "உயிருக்கு அபயம் கொடுத்தால் உள்ளதைச் சொல்கிறேன், அரசே. மதகைக் கருங்கல்லில் கட்டச் சொன்னீர்கள். இரண்டாம் நாள் செங்கல் என்றீர்கள். அப்புறம் மேலே ஒரு மண்டபம் வேண்டும் என்றீர்கள், அடுத்த வாரம் வேண்டாம் என்றீர்கள். உங்கள் ஆணையை உடனே நிறைவேற்றியவன் மறுநாள் அதை இடிக்கவேண்டி வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஆறப்போட்டுப் பழகிவிட்டோம். அதிரசத்தை மட்டும் யாரும் மாற்ற முடியாது. தின்றாகிவிட்டதே."

ராஜா மெல்ல மந்திரியிடம் திரும்பினான். "உண்மையா?"

"உண்மைதான் அரசே. ஆனால் பாதி உண்மை. நீங்கள் மதகைப் பற்றிக் கடைசியாக மாற்றிச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஓலை தூங்கியது இவர் சௌகரியத்துக்காக."



"இரண்டாவது ஆணையைச் சொல்லு" என்றான் ராஜா.

"மதகு சரியாகிற வரைக்கும் ஓலைச்சாலை மதகுக்குக் கீழே பள்ளத்தில் நடக்கட்டும். நீங்களும் அங்கேயே தங்கவேண்டும். அதுவரை வேறு ஆணை கிடையாது."

"நான் எதற்கு?"

"ஆணை நடக்கிற தூரம் குறையும், அரசே."

அப்படியே எல்லோரும் புத்தூருக்குப் போனார்கள். பதினோரு அறையும் பதினோரு பாயாக வரிசையில் விரிந்தது. முதல் நாள் வழக்கம்போல் போயிற்று. இரண்டாம் நாள் காலை ஒரு தூறல் போட்டது. மதகு விரிசலில் கசிந்த தண்ணீர் ஓடிவந்து வயிராவணரின் பாயை நனைத்தது.

அவர் எழுந்து நின்று, "அம்மா, இது உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும்?" என்று கேட்டார்.

"நீங்க நிக்கிற இடத்துல ரெண்டாள் உயரம் நிக்கும்" என்றாள் செங்காத்தாள் சாவகாசமாக.

அன்று பொழுது சாய்வதற்குள் ஓலை பதினோரு பாயையும் தாண்டிவிட்டது. மறுநாள் கொத்தனார்களும் தச்சர்களும் வந்து இறங்கினார்கள். மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்தார்கள். ஆள் போதவில்லை என்றதும் வயிராவணரே சுண்ணாம்புச் சாந்துக் கூடையைத் தோளில் ஏற்றினார். தோள் கன்றிப்போனது. ஆனாலும் பொழுது விடிந்தால் முதல் ஆளாகக் கூடையைத் தேடினார்.

ராஜா பட்ட பாடுதான் பெரிது. நான்காம் நாள் புதுக் கதவைப் பார்த்ததும், அதில் அன்னப்பறவை செதுக்கினால் என்ன என்று நாக்கு துடித்தது. வாயைத் திறந்தான். தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க ராசா" என்றாள் செங்காத்தாள்.

"தாகமாக இருக்கிறது" என்றான் ராஜா.

பன்னிரண்டாம் நாள் மதகு தயார். ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது. மதகில் ஒரு சொட்டும் கசியவில்லை. குடை கூட இல்லாமல் கரையில் நனைந்துகொண்டு நின்ற ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தான் போட்ட ஆணை ஒன்று தண்ணீரைத் தடுத்து நிற்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

மழை விட்டதும் ஏரிக்கரையிலேயே சபை கூடியது. மந்திரியின் மோதிரம் அவன் விரலிலேயே இருந்தது. கூடவே தோளில் ஒரு பொன்னாடையும் ஏறியது. "இத்தனை வருஷம் ஓலையை மட்டும் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை" என்று வயிராவணர் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டார்.

"செங்காத்தாளே, நீ என்ன கேட்டாலும் தருகிறேன்" என்றான் ராஜா.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்களுக்கு ஒண்ணும் குறையில்ல ராசா. பக்கத்துல மேலையூர் ஏரியில ஒரு மதகு சரியில்ல. இந்த ஓலைச்சாலைய ஒரு மாசம் அங்க அனுப்பி வையுங்க."

ராஜா வாய் திறப்பதற்குள் வயிராவணர் பாயைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.