எல்லை தாண்டிப் போன கிணறு

ஒரு பாலைவனத்து ஓரத்துல பெரிய மணல்மேடு ஒண்ணு இருந்துச்சு. அதுதான் எல்லைன்னு சிங்கராஜா சொல்லிட்டாரு. மேட்டுக்குக் கிழக்கே இருந்தா நம்ம ஜனம். மேற்கே இருந்தா வெளியாளு. தலையை நீட்டினா தண்ணி எட்டுற ஒரே கிணறு கிழக்கே இருந்துச்சு.

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு கழுதை வந்துச்சு. காதுல பென்சில். கிணத்தடியிலயே ஆபீஸ் போட்டுருச்சு.

பூங்காவனம்னு ஒரு ஒட்டகம் குட்டியோட மேடு ஏறி இறங்கித் தண்ணிக்கு வந்துச்சு.

"நில்லு! எந்தப் பக்கம் நீ?"

"இந்தப் பக்கம்தாங்க. அதோ, அந்த வன்னி மரத்தடியிலதான் பொறந்தேன்."

கழுதை புஸ்தகத்தைப் புரட்டுச்சு. "போன வருஷம் அந்த மரம் மேட்டுக்குக் கிழக்கே இருந்திருக்கு. இப்ப மேற்கே இருக்கு! மரத்தையும் கூட்டிக்கிட்டு ஓடிட்டியா?"

"மரம் எங்கங்க ஓடும்? காத்துல மேடுதான் நகர்ந்துச்சு!"

"அரசாங்க மேடு நகராது! மரம்தான் நகர்ந்திருக்கும்!"

"ஐயா, எனக்குப் பால் வத்திப்போச்சு. புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு..."

"வெளியாளுக்குத் தண்ணி கிடையாது!" கழுதை கிணத்து வாயைக் கல்லுப் பலகையால மூடி, அது மேலயே உக்காந்துக்குச்சு.

அந்நேரம் மேற்கே புழுதிக்காத்து கிளம்புச்சு. பூங்காவனம் குட்டியை அணைச்சு, மூக்கை மூடிப் படுத்துச்சு.

"ஐயா, எந்திரிச்சு வாங்க! மேடு வருது!"

"மேடாவது, வர்றதாவது! சட்டப்படி..." மிச்சத்தை மணல் முழுங்கிருச்சு.

காத்து நின்னப்ப, மேடு கிணத்தைத் தாண்டிக் கிழக்கே போயிருந்துச்சு. கழுதைக்குக் கழுத்து வரைக்கும் மணல்.

மேட்டு உச்சியில ஒரு நரி எட்டிப் பாத்துச்சு. கழுதைக்குக் கீழ வேலை பாக்குற அதிகாரி. "மேற்கே ஒட்டகம் ஒண்ணு, குட்டி ஒண்ணு, கழுதை ஒண்ணு. ஆக மூணு வெளியாளு!"

"யோவ், நான் உன் மேலதிகாரிய்யா! நான் நகரவே இல்லய்யா! மேடுதான் நகர்ந்துச்சு!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே ஐயா? அரசாங்க மேடு நகராது!" எழுதிக்கிட்டு நரி இறங்கிப் போயிருச்சு.

பூங்காவனம் மணலைத் தள்ளிக் கழுதையை வெளிய இழுத்துச்சு. கல்லையும் நகத்துச்சு. மூடி வெச்ச புண்ணியம், உள்ள ஒரு பிடி மண்ணு விழலை! முதல்ல குட்டி குடிச்சுது. அப்புறம் தாய்.

கழுதை காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. "அக்கா... எனக்கு?"

"முதல்ல சொல்லுங்க ஐயா. மரம் ஓடுச்சா, மேடு ஓடுச்சா?"

"மேடுதான்க்கா! மேடேதான்!"

"அப்பக் குடிங்க."

காத்துக்கு நகர்ற மணலைக் காட்டி அடுத்தவங்களை வெளியாளாக்கினா, அடுத்த காத்துல நாமளும் வெளியாளுதான்.