பிரகாசி கொடுத்த விலாசம்

தூத்துக்குடியில் மோட்டார் பம்பு கடை நடத்தும் ஆவுடையப்பனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இருக்காதா பின்னே? குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்க அவர் வீட்டில் விலையுயர்ந்த சர்வர் வாங்கி வைத்தும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. விற்றவனே வந்து மாட்டிவிட்டுப் போன அதை அவரும் திறந்து பார்த்ததில்லை; படம் ஏற்றுவதெல்லாம் மனைவிதான். அவர் கடையில் பார்சல் கட்டுகிற பிரகாசி பழைய லேப்டாப்பில் தன் வீட்டுக்கு ஒரு சர்வர் செய்தாள். கடை முழுக்க அதே பேச்சு!

"ஏ பிள்ள, உன் சர்வர் விலாசத்தைத் தா. நாளைக்குள்ள உள்ள புகுந்து காட்டுதேன். புகுந்துட்டா நீ வேலையை விட்டுப் போயிரணும். தரலேன்னா இப்பவே கெளம்பு."

பிரகாசி 192.168.1.10 என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் அவர் கடை நடுவில் நின்று கொக்கரித்தார். "வீட்டுக்குப் போய் அடிச்சேன், தெறந்துக்கிச்சு! பாஸ்வேர்டு வெறும் 'அட்மின்'! உள்ள என்ன இருக்குன்னுகூடப் பாக்கல, மொத்தமா அழிச்சிட்டேன்."

"அந்த நம்பர் நெறைய வீட்டுல உண்டு அண்ணாச்சி. வீட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். அடுக்களைக்குப் போன்னா அவங்கவங்க வீட்டு அடுக்களைக்குத்தானே போவாங்க?"

அதற்குள் அவர் போன் அலறியது. மனைவி. "ஏங்க, மக கல்யாணப் படம் ஒண்ணைக்கூடக் காணோமே!"

பிரகாசி பார்சலுக்கு முடிச்சுப் போட்டாள். "மதினிக்கு நான் ஒரு சர்வர் செஞ்சு தாரேன் அண்ணாச்சி. பாஸ்வேர்டை மட்டும் உங்ககிட்ட சொல்லிர வேண்டாம்னு சொல்லுங்க."