கோலம் இல்லாத வாசல்கள்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டைக் கோளரி மன்னர் என்றொருவர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒருவர் சொன்னதை நம்புவார்; மதியம் இன்னொருவர் சொன்னதை அதைவிட அதிகமாக நம்புவார். அவரிடம் அமைச்சராக இருப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரி. மருதநம்பி அந்த வேலையைத்தான் பார்த்துவந்தார்.

அந்த ஆண்டு மழைக்குப் பின் தலைநகரில் வாந்திபேதி பரவியது. மருதநம்பி தெருவுக்கொரு ஆதுலசாலை திறந்து, நோயாளிகளைப் படுக்கவைத்து, காய்ச்சிய தண்ணீரும் உப்புக் கஞ்சியும் விடாமல் புகட்டச் செய்தார். ஊர் கஞ்சியைப் புகழ்ந்தது. அரண்மனை வைத்தியர் சர்வானந்த பண்டிதருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தன் லேகியம் வைத்த தங்கச் சம்புடத்தோடு சபைக்கு வந்துவிட்டார்.

"மகாராஜா, என் லேகியத்தைச் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆதுலசாலையிலோ சாவு உண்டு. அங்கே இருக்கிற விறகையும் ஆட்களையும் எனக்குக் கொடுங்கள். நாடு முழுக்க லேகியம் கிண்டித் தருகிறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ஆபத்து.

"ஆதுலசாலைகளை இன்றே மூடுங்கள்" என்றார் மன்னர்.

"ஒரு வார்த்தை, மகாராஜா. பண்டிதரே, லேகியத்தை எப்போது கொடுப்பீர்?"

"வெள்ளிக்கிழமை அம்மன் பூசை முடிந்த பிறகு. எங்கள் பரம்பரை வழக்கம். மற்ற நாளில் கொடுத்தால் பலிக்காது."

"சனிக்கிழமை படுத்தவன்?"

"காத்திருப்பான்."

சபையில் யாரோ சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை. "பொறாமையில் பேசுகிறீரா, மருதநம்பி?"

"இருக்கலாம், மகாராஜா. அதனால் என் பேச்சையும் நம்ப வேண்டாம், அவர் பேச்சையும் நம்ப வேண்டாம். ஊர் முழுக்க மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தெருவில் மூடிப் பார்ப்போம். அங்கே லேகியம், இன்னொரு தெருவில் கஞ்சி. அடுத்த வெள்ளிக்கிழமை தாங்களே வந்து பாருங்கள். நான் தோற்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டை விட்டே போகிறேன்."

"அப்படியானால் எனக்கு வணிகர் தெரு" என்று பண்டிதர் முந்திக்கொண்டார்.

"அங்கே கிணறு நல்ல கிணறு. ஜெயித்தது லேகியமா கிணறா என்று யாருக்குத் தெரியும்? நெசவாளர் இருக்கும் கீழைத்தெருவும் மேலைத்தெருவும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் குடிக்கின்றன. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவோம். மகாராஜாவே எடுக்கட்டும்."

மன்னர் கையை விட்டு எடுத்தார். "பண்டிதருக்குக் கீழைத்தெரு."

மருதநம்பி அந்த ஓலையை வாங்கி இன்னொரு முறை படித்தார். அவருடைய ஒரே மகள் வேண்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தது கீழைத்தெருவில்.

பண்டிதருக்கும் அது தெரியும். "மகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்வீரோ, அமைச்சரே?"

"மாட்டேன்."

சொன்ன வாயை அந்த வாரம் முழுக்கச் சபித்துக்கொண்டார். அழைத்தால் போட்டி கெட்டது என்று பண்டிதர் கூச்சல் போடுவார். எல்லாத் தெருவிலும் அடுப்பு அணைந்துவிடும். அழைக்காவிட்டால்? அதை அவரால் நினைக்க முடியவில்லை. "ஊருக்கெல்லாம் ஊற்றுகிற கஞ்சி, பெற்ற பெண்ணுக்கு மட்டும் கிடையாதா?" என்று அவர் மனைவி கேட்டாள். அதன்பின் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பூசை முடிந்ததும் கீழைத்தெருக்காரர்கள் சிலர் வரிசையில் வந்து லேகியம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மன்னர் முன் தெம்பாக நின்றார்கள்.

"பார்த்தீர்களா, மகாராஜா? காத்திருந்தார்கள், பிழைத்தார்கள்."

மன்னர் கையை நீட்டினார். "மோதிரம், மருதநம்பி."

"தருகிறேன். இவர்கள் நடந்து வந்தவர்கள், மகாராஜா. வராதவர்களையும் பார்த்துவிடுவோம். வெள்ளிக்கிழமை காலையில் நம் ஊரில் கோலம் இல்லாத வாசல் எது?"

மன்னருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவு விழுந்த வீடு. தேரில் ஏறினார்.

மேலைத்தெருவில் வாசலுக்கு வாசல் கோலம் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் வெறும் தரை. "அது என் பங்குச் சாவு, மகாராஜா. கஞ்சி எல்லோரையும் காப்பாற்றிவிடாது" என்றார் மருதநம்பி.

தேர் கீழைத்தெருவுக்குள் திரும்பியது. வெறும் வாசல். அடுத்ததும் வெறும் வாசல். எதிர்ச் சாரியிலும் அப்படியே. குதிரைக் குளம்பில் மிதிபடக்கூட ஒரு கோலம் இல்லை. மருதநம்பி தெருவைப் பார்க்கவில்லை. கோடியில் இருந்த ஒரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயும் கோலம் இல்லை.

தேரிலிருந்து இறங்கினார். வேண்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என் மாமனார், அப்பா. செவ்வாய்க்கிழமை போய்விட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்துப் பார்த்தார்." அவள் கிட்டே வரவில்லை. அமைச்சர் தெருவில் நின்று அழுதார்.

மன்னர் பண்டிதரைக் கூப்பிட்டார். "ஒருவர்கூடச் சாகவில்லை என்றீரே?"

"லேகியம் சாப்பிட்டவர்கள் சாகவில்லையே, மகாராஜா."

"சாகாமல் மிஞ்சியவர்கள்தானே ஐயா சாப்பிட்டிருக்கிறார்கள்!" மன்னர் முகம் சிவந்தது. அங்கேயே உத்தரவு போட்டார். "இந்தத் தெருவில் இந்த நிமிடமே அடுப்பு மூட்டுங்கள். இனி எந்த மருந்தானாலும், எந்தச் சட்டமானாலும், குடத்தில் ஓலை போட்டு ஒரு தெருவில் பார்த்த பிறகுதான் நாட்டுக்கு. நான் சொன்னாலும் சரி."

"பண்டிதருக்கு என்ன தண்டனை, மகாராஜா?" என்று சேனாபதி கேட்டார்.

"தண்டனை எதற்கு? அவர் வழக்கத்தையே அவரும் கடைப்பிடிக்கட்டும். இனி அவருக்கு அரண்மனைச் சோறு வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகுதான். மற்ற நாளில் காத்திருப்பார்."

மறுநாள் மாலையே, முண்டாசால் முகத்தை மறைத்துக்கொண்டு கீழைத்தெரு ஆதுலசாலை வரிசையில் பண்டிதர் நின்றார். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் வேண்மாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே, ஐயா" என்றாள்.

சொல்லிவிட்டு, கலயம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.