தை மாதத்து முட்டை

நெடுவாயன் என்ற கூழைக்கடா தன் மனைவி பூஞ்சிறகியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு தை மாதக் காலையில். பனி மூடிய கரையில் அவள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம் வந்துடுங்க, பசிக்குது," என்றாள். அவன் மீன் தேடிப் பறந்தான்.

அது வடதேசத்து ஏரி. தெற்கிலிருந்து வந்த கூழைக்கடாக் கூட்டம் மீனுக்காக அங்கேயே தங்கிவிட்டது. ஊர் மாறினாலும் வழக்கத்தை மாற்றவில்லை. தெற்கே தையில் முட்டையிடுவார்கள், இங்கேயும் தைதான். இங்கே தையில் ஏரி உறைந்துபோகும் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை!

பூஞ்சிறகி ஐப்பசியில் கல்யாணமாகித் தென்குளத்திலிருந்து வந்தாள். சிறகு வலி தீருமுன்பே மாமியார் பேரலகி தோழிகளோடு வந்து நின்றாள்.

"என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?"

"வந்து நாலு நாள்தானே ஆகுது, அத்தை!"

"நாலு நாளா! நான் மூணாம் நாளே கூடு கட்ட ஆரம்பிச்சுட்டேன்!"

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தால், "மசக்கையா?" என்றார்கள். மீனைத் துப்பினால், "புளிப்பா ஏதாவது தின்னத் தோணுதா?" என்றார்கள்.

உள்ளூர் வாத்து ஒருத்தி சொன்னாள்: "இங்கே வைகாசியிலதான் முட்டை போடணும், தங்கச்சி. முதல்ல தின்னு உடம்பைத் தேத்திக்கோ."

பேரலகி தாடைப்பையை ஆட்டினாள். "அது வாத்துங்க வழக்கம்! நமக்கு வழிவழியா தைதான்!"

பூஞ்சிறகி கணவனிடம் போனாள். "என்னங்க, இந்தத் தண்ணியில எனக்கு இன்னும் மீன் பிடிக்கவே வரலை. வைகாசி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்களேன்."

"ஒரு முட்டை போட்டுட்டா அம்மா வாயை மூடிடுவாங்க," என்றான் நெடுவாயன். அவனுக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது.

தையில் முட்டை வந்தது. கூட்டம் கும்மாளம் போட்டது. பிறகு எல்லோரும் உறையாத நடு ஏரிக்குப் போய்விட்டார்கள். "எழுந்திருக்காதே! முட்டை குளிர்ந்துடும்!" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நெடுவாயன் மீனோடு திரும்பியபோது அவள் உட்கார்ந்தபடியே விறைத்துப்போயிருந்தாள்.

துக்கத்துக்கு வந்த பேரலகி அழுதாள். "என் தலைச்சன் முட்டையும் இந்தப் பனியிலதான் போச்சு!"

"என்னோடதும்!" என்றாள் ஒரு தோழி.

"அப்புறம் வைகாசியிலதானே நீ பொறந்தே, நெடுவாயா!" என்றாள் பேரலகி.

"இதை ஏம்மா அவகிட்ட சொல்லலை?"

"புது மருமககிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க? நம்ம மானம் என்ன ஆகுறது!" பேரலகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடு. தென்குளத்துல இன்னொரு பொண்ணு இருக்காளாம். அடுத்த தைக்குள்ளே..."

"வேண்டாம்மா," என்றான் நெடுவாயன். அவ்வளவு பெரிய வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது.

வைகாசியில் வாத்துகள் குஞ்சுகளோடு நீந்தின. கரையில் பூஞ்சிறகி கட்டிய கூடு மட்டும் இருந்தது.

சுமக்கப்போகிறவள் 'இப்போது வேண்டாம்' என்றால், அதை ஊர் கேட்க உரக்கச் சொல்வதுதான் கணவன் செய்யவேண்டிய முதல் வேலை.