நாரை வாயில் போன தவளைப் படை

கூரன் என்ற முள்ளம்பன்றி இந்தக் கதையைப் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. கதையில் அவனும் இருந்தான். பாதியைத் தன் கண்ணாலேயே பார்த்தான். மீதிப் பாதியை அவனுக்குச் சொன்னது நெட்டையன் என்ற நாரை. நாரைகள் மேலேயிருந்து பார்ப்பதால் எல்லாம் அவற்றுக்குச் சின்னதாகத் தெரியும். கீழே இறங்கி வந்து சொல்லும்போது அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும்.

மலையடிவாரத்தில் ஒரு காடு. காட்டைப் பிளந்துகொண்டு ஓர் ஓடை. மலைப்பக்கக் கரை செங்குத்துப் பாறை. அதில் இறங்கினால் காலை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதிர்க்கரை சரிவு. அதற்கு அப்பால் ஒரு பெரிய ஏரி. பாறையிலிருந்து எதிர்க்கரைக்கு ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். அதன் எதிர்க்கரை முனை ஓர் உருண்டைக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மலைப்பக்கக் குட்டை வற்றியது. கூரனின் குட்டிகள் ஈரச்சேற்றை நக்கிக்கொண்டிருந்தன. ஏரியில் தண்ணீர் தளும்பியது. ஆனால் அதை நரிக்கூட்டம் பிடித்துவைத்திருந்தது. தண்ணீரில் கால் வைத்த நாரையைக்கூட அவை விட்டுவைக்கவில்லை. மலைப்பக்கத்தார் கூட்டமாக வந்தால் கல்லைத் தள்ளிவிடுவோம், மரம் ஓடைக்குள் போய்விடும் என்று நரித்தலைவன் சாம்பன் சொல்லியனுப்பியிருந்தான்.

பாலம் போய்விட்டால் அந்தக் கோடையில் குட்டிகள் பிழைக்காது. கூரன் தூங்காமல் யோசித்தான்.

நரிகளைப் பற்றி அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். வெயில் ஏறியதும் காவலுக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றவை பாலத்தடி நிழலில், காய்ந்த ஓடை மணலில் படுத்துக்கொள்ளும். முந்தின வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் அந்த ஓடையில் தவளைகள் கூட்டமாகக் கத்தின. நரிகள் சட்டை செய்யவில்லை. சற்று நேரத்தில் மலைவெள்ளம் இறங்கி, சாம்பனை அடித்துக்கொண்டு போய் ஒரு முள்புதரில் தொங்கவிட்டது. கூரன் பாறைமேல் நின்று அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து தவளைச் சத்தம் கேட்டாலே நரிகள் வெள்ளம் வருகிறது என்று எழுந்துவிடும்.

ஆகவே நரிகளுக்குப் பின்னால், ஓடையின் வளைவில், தவளைகள் கத்த வேண்டும். நரிகள் மேட்டுக்கு ஓடும். அந்த இடைவெளியில் முள்ளம்பன்றிகள் பாலத்தைக் கடந்து கல்லைச் சுற்றி நின்றுகொள்ளும். அப்புறம் எந்த நரி கிட்டே வரும்?

ஆனால் கோடையில் அந்த ஓடையில் தவளை கிடையாது. தவளைகள் இருந்தது மலைப்பக்கக் குட்டையில். நரிகளின் தலைக்குமேலாக அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் இறக்க நெட்டையனின் நாரைக்கூட்டத்தால்தான் முடியும்.

கூரன் நெட்டையனையும் கூட்டிக்கொண்டு குட்டைக்கு வந்து இதைச் சொன்னான். தவளைகளுக்குத் தலைவி வரிச்சி. முதுகில் மஞ்சள் கோடு போட்டவள், வாய்த்துடுக்கு அதிகம். அவள் நாரையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வாய்க்குள்ளேயா நாங்க உட்காரணும்?" என்றாள்.

"முதுகில் உட்கார்ந்தால் வழுக்கும்மா. வேறு இடம் இல்லை" என்றான் நெட்டையன்.

"அப்படின்னா நீங்க எல்லாரும் முதலில் வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"சாப்பிட இங்கே என்ன இருக்கிறது, உங்களைத் தவிர?"

யாரும் சிரிக்கவில்லை. வரிச்சிதான் முதலில் சிரித்தாள். இங்கே கிடந்து காய்ந்து சாவதற்கு அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவள் தன் கூட்டத்தாரிடம் சொன்னாள். கிளம்பும்போது கூரனிடம் வந்தாள்.

"நாங்க கத்தாமல் பாலத்தில் கால் வைக்காதீங்க, அண்ணே. கத்தினதும் நிற்காதீங்க."

தவளைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்று வாய் திறந்தால் மற்றது பதில் சொல்லாமல் இருக்காது. ஒரு மேகத்தின் நிழல் பட்டாலும் போதும், கச்சேரி தொடங்கிவிடும். வழியிலேயே கத்தினால் நரிகள் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிடும். அதனால் வரிச்சி ஓர் ஏற்பாடு செய்தாள். இறங்கியதும் ஆளுக்கு ஒரு வாய் சேற்றை அடக்கிக்கொள்ள வேண்டும். வளைவுக்குப் போனபிறகுதான் துப்ப வேண்டும்.

உச்சிவெயிலுக்குச் சற்றுமுன் நாரைகள் கிளம்பின. ஒவ்வொரு அலகிலும் ஒரு தவளை. வெள்ளை இறக்கைகள் ஓடையைத் தாண்டி, ஏரிக்கரை நாணலுக்குப் பின்னால் மறைவதைக் கூரன் பார்த்துக்கொண்டு நின்றான். அனுப்பியது நான்தானே என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனுடைய முள்ளைவிடக் கூர்மையாக இருந்தது.

அடுத்து நடந்ததை நெட்டையன்தான் சொல்ல வேண்டும். பறந்தோம், இறங்கினோம் என்று தொடங்குவான். பிறகு கதை விரியும்.

நாரை வளைவுக்கு எவ்வளவு தள்ளி இறங்கும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நாரைக்குத் தரை என்றால் சேறுதான். ஓடையின் வளைவில் சேறு ஏது? அவை பழக்கதோஷத்தில் ஏரியின் சதுப்பில் போய் இறங்கின. அங்கிருந்து ஓடை வரைக்கும் நெருப்பாய்க் கொதிக்கும் மணல். வரிச்சி திட்டுவதற்கும் நேரமில்லாமல் வாயில் சேற்றை அடக்கினாள். தவளைப் படை மணலில் தத்தியது. வழியில் ஒரு மேகம் வந்து போனது. ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்து துப்பப் பார்த்தால் முடியவில்லை. வெயிலில் சேறு காய்ந்து, செங்கல்போல வாயில் இறுகியிருந்தது.

இந்தப் பக்கம் கூரன் முள்ளம்பன்றிகளோடு பாறை விளிம்புக்கு வந்துவிட்டான். சூரியன் தலைக்குமேல் நின்றது. சத்தம் வரவில்லை. பாலத்தின் அந்த முனையில் காவலிருந்த நரி அவர்களைப் பார்த்துவிட்டு ஊளையிட்டது. நிழலில் படுத்திருந்த நரிகள் சோம்பல் முறித்து எழுந்தன. சாம்பன் சரிவில் ஏறி வந்தான்.

"யாரு, கூரனா? தாகமா?" என்று அங்கிருந்தே கேட்டான். "வா, வா. நீ நடுப்பாலத்துக்கு வந்ததும் தள்ளுறோம். ஓடைக்குள்ள நிறைய இடம் இருக்கு!"

நரிகள் கல்லைச் சுற்றி நின்றன. பின்னாலிருந்த முள்ளம்பன்றிகள், ஓடிப்போய்ப் பார்ப்போம், ஆனது ஆகட்டும் என்று முணுமுணுத்தன. கூரன் ஒரு காலைத் தூக்கினான். வரிச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் ஏரிப்பக்கமிருந்து ஒரு வெள்ளை இறக்கை எழுந்தது.

நெட்டையனின் வேலை இறக்கிவிட்டதோடு முடிந்திருந்தது. பல நாளைக்குப் பிறகு அவன் காலடியில் நத்தையும் தண்ணீரும் கிடந்தன. ஆனாலும் தலை நிமிர்ந்து ஒருமுறை வளைவைப் பார்த்தான். அங்கே தவளைகள் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவனுக்கு விஷயம் புரிந்தது. நத்தையை விட்டுவிட்டு அலகு நிறையத் தண்ணீரை மொண்டான். போய் வரிச்சியின் வாயில் ஊற்றினான். அவனைப் பார்த்து மற்ற நாரைகளும் மொண்டன.

வரிச்சி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஒரே ஒரு தரம் கத்தினாள். அது போதுமானதாக இருந்தது.

அத்தனை நேரம் அடக்கிவைத்த சத்தம் ஓடையெங்கும் வெடித்தது. பாறையில் மோதித் திரும்பியதில் நூறு மடங்காகக் கேட்டது. கல்லில் கால் வைத்திருந்த நரிகள் அப்படியே நின்றன.

"வெள்ளம்!" என்றது ஒன்று.

"கோடையில் எங்கேடா வெள்ளம்?" என்றது இன்னொன்று.

"மலையில் பெய்தால் உன்னைக் கேட்டுக்கொண்டா பெய்யும்?" என்று சொல்லிவிட்டுச் சாம்பன்தான் முதலில் ஓடினான். முள்புதரை அவன் மறந்திருக்கவில்லை. நரிகள் கல்லை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்கு அப்பாலுள்ள மேட்டுக்குப் பறந்தன.

கூரன் நிற்கவில்லை. முள்ளம்பன்றிகள் பாலத்தைத் தாண்டின. நரிகள் மேட்டில் காத்திருந்து ஏமாந்து திரும்பியபோது, கல்லைச் சுற்றி ஒரு முள்வேலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சாம்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூக்கில் ஒரு முள் ஏறியதும் கூட்டத்தோடு காட்டைவிட்டுப் போனான். மான்களும் முயல்களும் பாலத்தில் வந்துகொண்டேயிருந்தன. கூரனின் குட்டிகள் வயிறு புடைக்கத் தண்ணீர் குடித்து, நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டன.

இப்போது அந்தக் குட்டிகளுக்கும் குட்டிகள் இருக்கின்றன. ஏரி எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. நாரைகள் நத்தை பொறுக்குகின்றன. வரிச்சியின் கூட்டம் மாலையானால் காதைத் துளைக்கிறது. கூரனுக்கு எந்தக் குறையும் இல்லை, அந்த ஒரு சந்தேகத்தைத் தவிர.

தண்ணீர் ஊற்றியதை நெட்டையன் ஒருபொழுது முழுக்கச் சொல்வான். மணல் சூட்டுக்கு ஒருபொழுது, சாம்பன் ஓடிய ஓட்டத்துக்கு ஒருபொழுது. ஒரு சின்ன நத்தையைப் பிடித்ததையே ஊர் கூட்டிச் சொல்கிறவன், அந்தப் பயணத்தை மட்டும் பறந்தோம், இறங்கினோம் என்று விழுங்கிவிடுவான். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவன் தொண்டை ஏறி இறங்குவதைக் கூரன் பார்த்திருக்கிறான். அத்தனை தவளையும் போய்ச் சேர்ந்ததா? வரிச்சியைக் கேட்டால், சத்தம் குறைந்தா கேட்டது உங்களுக்கு என்று சிரிப்பாள். அவ்வளவுதான்.

ஒருநாள் நெட்டையன் ஏரிக்கரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். வரிச்சி அவன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தாள். வெயில் நேரத்தில் அவளுக்கு அதுதான் இடம். கூரன் மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றான். தன்னை நம்பி வாய்க்குள் உட்கார்ந்தவரைப் பசியோடேயே கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கிவிடுவதைவிடப் பெரிய வீரம் வேறில்லை என்று அந்த நிழலைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்துபோயிற்று. இருந்தாலும் இத்தனை வருஷம் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டான்.

"அண்ணே, ஓடைக்கு மேலே பறக்கும்போது உங்களுக்கு எவ்வளவு பசித்தது?"