மண்சுவரில் ஒட்டிய வெளிச்சம்

அல்லிக்குளத்துக் கரையில் கரிச்சான் குருவி ஒருவன் இருந்தான். அவனுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று உண்டா என்பதே அங்கே பலருக்குச் சந்தேகம். காலையில் பருந்தாகக் கத்துவான். காட்டுக்கோழிகள் புதருக்குள் ஓடும். மத்தியானம் தவளையின் மனைவி குரலில், "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிடுவான். தவளை பதறிக்கொண்டு வீட்டுக்குத் தாவிப் போய், கூப்பிடாமலே வந்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்.

அந்தக் கரையில்தான் ஆமை வாத்தியாரின் பள்ளிக்கூடம். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் மாணவர்கள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. குளம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. அதனால் வாத்தியார் ஒரு போட்டி வைத்தார்.

"காட்டில் எதையும்... வீணாக்காமல்... சேமிப்பது... எப்படி? வாயால்... சொல்லாமல்... செய்து... காட்டணும்."

"பரிசு... என்ன... வாத்தியாரே?" என்று கரிச்சான் அதே குரலில் இழுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அதையும் நாம்தான் கேட்டோமோ என்று ஆமை வாத்தியார் சற்றுக் குழம்பினார். பிறகு பரிசைச் சொன்னார். குளத்துத் தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் கருவேலங்கிளை! ஜெயிக்கிறவருக்கு அது சொந்தம்.

நாரன் என்ற தூக்கணாங்குருவி உடனே பறந்துபோய் அந்தக் கிளையைச் சுற்றிப் பார்த்தான்.

தூக்கணாங்குருவிகளில் ஆண்தான் கூடு கட்டும். பெண் வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். போன மழைக்கு நாரனின் கூட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெசவைப் பாராட்டினார்கள். அப்புறம் மரத்தைப் பார்த்தார்கள். "இங்கே பாம்பு சுலபமா ஏறிடுமே" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்கள். பாம்பு எட்டாத அந்தக் கருவேலங்கிளை கிடைத்தால் நாரனுக்கும் ஒரு குடும்பம் அமையும். கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் காலிக் கூடுதான்.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் ஒரு மின்மினியை ஒட்டி விளக்காக வைத்துக்கொள்வார்கள். நாரனுக்கு அதிலிருந்துதான் யோசனை பிறந்தது. ஒன்று போதாது, சுவர் முழுக்க ஒட்டுவோம் என்று நினைத்தான். தீ வேண்டாம், எண்ணெய் வேண்டாம், விறகு வேண்டாம். எந்த மரத்துக்கும் நோகாத வெளிச்சம்! காட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று அவன் மனசார நம்பினான். நம்பிக்கொண்டே பிடித்துப் பிடித்து ஒட்டினான்.

போட்டி நாள் காலையில் கரிச்சான் நாரனின் கூட்டுக்கு வந்தான். பெண் குருவியின் குரலில், "வீடு ரொம்ப நல்லாருக்கே, உள்ளே வரலாமா?" என்று கேட்டு நாரனைத் தலைகால் புரியாமல் ஆட வைப்பதுதான் திட்டம். ஆனால் நாரன் வெளியே போயிருந்தான். சுவருக்குள்ளிருந்து யாரோ முனகுவது கேட்டது.

காதை வைத்துக் கேட்டான். ஒரு மின்மினி பேசினாள். தன்னை எப்படியாவது வெளியே எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். ஏன் என்பதையும் சொன்னாள். கரிச்சான் உடனே உள்ளே நுழையப் பார்த்தான். கூட்டின் வாசல் குழாய் மாதிரி ஒடுக்கம். அவனுடைய இரட்டை வால் மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து கொத்தினான், அலகு எட்டவில்லை. நாரனையே தேடிப் போய், மின்மினியின் குரலிலேயே சொன்னான். அவனோ, "போடா, என்னை ஜெயிக்கவிடாம பண்ணப் பார்க்கிறியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள்.

முதலில் அணில் வந்தது. கோடைக்காக விதைகளைப் புதைத்துச் சேமித்ததாகச் சொன்னது. எங்கே என்று கேட்டபோது தலையைச் சொறிந்தது. "சேமிச்சது சத்தியம், இடம்தான் ஞாபகம் இல்ல" என்றது. அடுத்து தவளை. குளத்தை நம்பியிருக்காமல், சேப்பங்கிழங்கு இலையில் பனித்தண்ணீரைப் பிடித்துக் குடிப்பதைச் செய்து காட்டியது. கைதட்டல் கிடைத்தது.

வெயில் இறங்கியது. கரையோர மரத்தில் நாரனின் கூடு மெல்ல ஒளிர ஆரம்பித்தது. நார் இடுக்குகளிலெல்லாம் பச்சை வெளிச்சம் வழிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. இனி அடுத்தவர் காட்டவே வேண்டாம் என்பதுபோல் வாத்தியார் ஓட்டிலிருந்து தலையை முழுசாக நீட்டினார்.

அப்போது கரிச்சான் மின்மினியின் மெல்லிய குரலில், தன்னை விட்டுவிடும்படி அழுதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியார் குரலில் சொல்லிப் பார்த்தான். தவளைக் குரலில் சொல்லிப் பார்த்தான். சிரிப்புதான் கூடியது.

"டேய், இன்னைக்கு ஒருநாளாவது சும்மா இரேன்டா" என்றான் நாரன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கரிச்சான் நிறுத்தினான். பிறகு கரகரவென்று, திக்கித் திணறி ஒரு குரல் வந்தது.

"நாரா, இது நான்தான். விளையாட்டு இல்ல. உள்ளே போய்ச் சுவர்ல காதை வச்சுப் பாரு. அது போதும்."

பேசுவது யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கரிச்சானின் சொந்தக் குரலை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. ஒருவரும் சிரிக்கவில்லை.

நாரன் உள்ளே போனான். சுவரில் காதை வைத்தான்.

"தம்பி, வீடு அழகா கட்டியிருக்கே" என்றாள் மின்மினி. "ஆனா என் வயித்துல முட்டை இருக்கு. கரையோர ஈரத்துல வைக்கணும். இந்த மண்ணு இறுகிக்கிட்டே வருது. நாங்க இங்கேயே செத்துப்போயிட்டா, அடுத்த வருஷ மழைக்கு இந்தக் குளக்கரையில வெளிச்சமே இருக்காது."

வெளியே வாத்தியார் தீர்ப்பைத் தொடங்கிவிட்டார். "இந்தப்... போட்டியில்... கருவேலங்கிளை..."

அந்த வாக்கியம் முடியும்வரை பேசாமல் இருந்தால் போதும். கிளை நாரனுடையது.

"யாருக்கு... என்றால்..."

நாரன் சுவரைக் கொத்தினான். மண் கல்லாகியிருந்தது. கொத்தினால் மின்மினிகளுக்கு அடிபடும். வாசலில் தலையை நீட்டி, "தண்ணி கொண்டு வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினான்.

பறவைகள் அலகில் தண்ணீர் மொண்டு வந்தன. தவளை தான் பிடித்து வைத்திருந்த பனித்தண்ணீரை இலையோடு தூக்கிக் கொடுத்தது. அணில் வாலைக் குளத்தில் முக்கிக்கொண்டு மரமேறி ஓடிவந்து பிழிந்தது. மண் இளகியது. நாரன் ஒவ்வொரு மின்மினியாக அலகு குத்தாமல் எடுத்து வெளியே விட்டான். கூடு இருண்டது.

"...நாரனுக்கு" என்று வாத்தியார் முடித்தார். அண்ணாந்து பார்த்தார். "கூடு... எங்கேப்பா?"

"கிளை எனக்கு வேண்டாம் வாத்தியாரே" என்றான் நாரன். "நான் எதையும் சேமிக்கல. இவங்ககிட்டேருந்து பிடுங்கி வச்சிருந்தேன்."

வாத்தியார் மெல்லத் தலையாட்டினார். பரிசு தவளைக்குப் போனது. கிளையில் ஏறத் தெரியாததால் தவளை அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டது.

அந்த மின்மினி கரைக்குப் போகுமுன் நாரனின் தலையில் சற்று உட்கார்ந்து நன்றி சொன்னாள்.

"ஒட்டினதே நான்தானே. எனக்கு எதுக்கு நன்றி?"

"எடுத்துவிட்டதும் நீதானே, தம்பி."

கரிச்சானிடமும் போய்ச் சொன்னாள். அவன் சொந்தக் குரலிலேயே அவளை வழியனுப்பினான்.

மழை வந்தது. நாரனின் கூட்டைப் பார்க்க ஒரு பெண் குருவி வந்தாள். சுவரெல்லாம் ஏன் பள்ளம் என்று கேட்டாள். நாரன் ஒளிக்காமல் சொன்னான். அவள் ஒவ்வொரு பள்ளத்தையும் தொட்டுப் பார்த்தாள். "பஞ்சு வச்சா குஞ்சுங்களுக்கு மெத்தையாச்சு. சரி, பாம்பு வந்தா?"

"நானும் இந்த மரத்துலதான் கூடு கட்டப்போறேன்" என்று மேல்கிளையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "எந்தப் பாம்பு ஏறுதுன்னு பார்ப்போம்."

துரத்தித் துரத்திக் கொத்தும் கரிச்சான் இருக்கும் மரத்துப் பக்கம் காக்காகூடத் தலைகாட்டாது. அவள் தங்கிவிட்டாள்.

அடுத்த வருஷ மழைக்கு அல்லிக்குளத்துக் கரை முழுக்க மின்மினிகள். நாரனின் மரத்திலும் இலைக்கு இலை உட்கார்ந்து மினுக்கின. குஞ்சுகள் வாசலில் எட்டிப் பார்த்து, இத்தனை விளக்கையும் யார் ஏற்றினார்கள் என்று கேட்டன.

"யாரும் ஏத்தல. அவங்களா வந்திருக்காங்க" என்றான் நாரன். "நன்றி சொல்லுங்க."

குஞ்சுகள் கீச்சுக் குரலில் நன்றி சொல்லின. மேல்கிளையிலிருந்து அதே கீச்சுக் குரலில் இன்னொரு நன்றியும் கேட்டது.

நமக்கு வெளிச்சம் தருகிறவரைப் பிழைக்கவிட்டு, நன்றியோடு அளவாய் வாங்கிக்கொள்வதே உண்மையான சேமிப்பு.